ஆறு வருஷத்து அழுக்கு

கிருமிநாசினி என்று முழுசாகக் கூப்பிட யாருக்கும் நேரமில்லாததால் ஆஸ்பத்திரியில் அவருக்கு நாசினி என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெரிய டாக்டர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் நாசினிதான். அவருக்கும் அதில் வருத்தமில்லை, உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட. ஆபரேஷன் அறைக்குப் போகிற கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் கழுவி, துணியில் பொதிந்து, நீராவிப் பெட்டிக்குள் வைத்து, கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர்கூட மிஞ்சாமல் எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதையே செய்கிறார். அப்பேர்ப்பட்ட மனுஷனிடம் போய், வீட்டில் பாக்டீரியா வளர்த்துக் காட்டு என்று கேட்டால் எப்படி இருக்கும்? ஒன்பது வயதுப் பொண்ணு ஒருத்தி கேட்டாள்.

பொண்ணு அவர் மனைவியின் மகள். நாசினிக்கு நாற்பத்தாறு வயதில்தான் கல்யாணம் கூடி வந்தது. மனைவிக்கு இது இரண்டாவது. முதல் கணவர் போய்ச் சேர்ந்து ஐந்து வருஷம். மின்சார அலுவலகத்தில் புகார் கேட்கும் பிரிவில் இருப்பவள். காலையிலிருந்து சாயங்காலம் வரை "எங்க தெருவுல கரண்ட் இல்ல" என்று தொலைபேசியில் கத்துகிறவர்களுக்கெல்லாம் இனிமையாகப் பதில் சொல்லிச் சொல்லி, வீட்டிலும் அதே குரல் ஒட்டிக்கொண்டது. படிப்பு நடுவில் கெடக் கூடாது என்று அந்தப் பள்ளிக்கூட வருஷம் முடிகிறவரை மகள் பெரியம்மா வீட்டிலேயே இருப்பதாக ஏற்பாடு. லீவு விட்டதும் இங்கே வந்துவிட வேண்டியது. புதுப் பள்ளிக்கூடத்தில் இடம்கூடச் சொல்லி வைத்தாயிற்று.

ஞாயிற்றுக்கிழமைதோறும் இருவரும் அவளைப் பார்க்கப் போவார்கள். பொண்ணு நாசினியிடம் காட்டிய மரியாதை இருக்கிறதே, அப்பப்பா! "வாங்க", "நன்றி", "பரவாயில்லைங்க", "எனக்கு வேண்டாங்க". பல் பிடுங்குகிற டாக்டரிடம்கூடக் குழந்தைகள் அதைவிட உரிமையாகப் பேசும். அவர் எந்தப் பக்கம் உட்காருகிறாரோ அதற்கு எதிர்ப்பக்கம்தான் உட்காருவாள். அதை நினைத்தால் நாசினிக்கு மனசு வலிக்கத்தான் செய்தது. ஆனால் யாரிடம் போய் என்னவென்று சொல்வது? குழந்தை மரியாதையாக நடந்துகொள்கிறாள் என்றா?

லீவு விட ஆறு வாரம் இருக்கும்போது அவளிடமிருந்து ஒரு நோட்டுத் தாள் வந்தது. மேலே கோடு போட்டு, "நானும் இன்ஸ்பெக்டரும் வருவதற்கு முன்னால்" என்று தலைப்பு. இன்ஸ்பெக்டர் என்பது அவளுடைய மீன். சிவப்பு ஃபைட்டர், சண்டைக்கார ஜாதி. யார் பக்கத்தில் போனாலும் செவுளை விரித்துக்கொண்டு வந்து முறைப்பான், அதனால் அந்தப் பெயர். தாளில் இருந்ததன் சாரம் இதுதான்: மீன் கழிவிலிருந்து அம்மோனியா என்ற விஷம் வரும். அதைத் தின்கிற நல்ல பாக்டீரியா தொட்டியில் முதலில் வளர வேண்டும். அது அம்மோனியாவைத் தின்று நைட்ரைட் என்ற இன்னொரு விஷமாக மாற்றும். அதையும் தின்கிற வேறொரு பாக்டீரியா அப்புறம் வளர வேண்டும். மீனே இல்லாமல் தொட்டியை ஓடவிட்டு, மூன்று நாள் தொடர்ந்து இரண்டு விஷமும் பூஜ்யம் என்று சோதனையில் வந்தால்தான் மீன் வரும். "வராவிட்டால் நாங்கள் பெரியம்மா வீட்டிலேயே இருந்துகொள்கிறோம். நன்றி."

"வக்கீல் நோட்டீஸ் மாதிரில்ல இருக்கு" என்றார் நாசினி.

மனைவி சிரித்தாள். "போன வருஷம் பெரியம்மா ஒரு தொட்டி வாங்கிக் குடுத்தாங்க. அன்னிக்கே அஞ்சு மீன வாங்கிப் போட்டா. ஒன்பது நாள்ல ஒண்ணொண்ணா அஞ்சும் போயிடுச்சு. இன்ஸ்பெக்டர் மட்டும் தனியா ஜாடில இருந்ததால தப்பிச்சான். அதுலேருந்து புது எடம்னாலே அவளுக்கு பயம். நூலகத்துப் புத்தகத்த ரெண்டு தடவ படிச்சு முடிச்சிருக்கா."

"குழந்த ஏதோ வெளையாட்டுக்கு எழுதியிருக்கா. விடேன்."

"வெளையாட்டு இல்லைங்க. எங்க அக்காவும் 'இங்கயே இருக்கட்டுமே, என்ன அவசரம்'னுதான் சொல்றா. இந்த வருஷம் விட்டா அடுத்த வருஷம்னு ஆகும். அப்புறம் அவளுக்கு அதுவே பழகிடும்." இதையும் அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கொஞ்ச நேரம் கழித்து நாசினி எட்டிப் பார்த்தபோது, மகளுக்கென்று ஒழித்து வைத்த சின்ன அறையில், யாருமே படுக்காத படுக்கை விரிப்பை உதறி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். உலகத்திலேயே சிறந்த மீன்தொட்டியை வைத்துக் காட்டுவது என்று அந்த இடத்திலேயே நாசினி கங்கணம் கட்டிக்கொண்டார்.

கங்கணம் கட்டியவர் சும்மா இருந்தாரா? அதுதானே வினை.

வண்ணமீன் கடையை ஓர் அக்கா நடத்தினாள். முழங்கை வரை ஈரம், குரல் சந்தை முழுக்கக் கேட்கும். முப்பது லிட்டர் தொட்டி, காற்றுக் குழாயோடு ஒரு ஸ்பாஞ்ச் வடிகட்டி, கூழாங்கல், குழாய்த் தண்ணீரின் குளோரினை எடுக்கிற மருந்து, சொட்டுமருந்து போல ஊற்றிப் பார்க்கிற சோதனைப் பெட்டி எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள்.

"டெய்லி ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்க சார். அது அழுகி அம்மோனியா வரும். அப்புறம் எல்லாம் தன்னால நடக்கும். அம்மோனியாவுக்கு மஞ்சள் நல்லது, பச்சை ஆகாது. நைட்ரைட்டுக்கு நீலம் நல்லது, ஊதா ஆகாது. அவ்ளோதான்."

தன்னால நடக்கும் என்று சொன்னதை நாசினி காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அவர் அகராதியில் எதுவும் தன்னால நடந்ததில்லை. தண்ணீரை நாலு பானையில் மாற்றி மாற்றிக் கொதிக்கவைத்து, ஆறவைத்து ஊற்றினார். அதற்கு மேல் குளோரின் மருந்தும் விட்டார். கூழாங்கல்லை ஏழு தண்ணீரில் அலசினார். அலசியும் திருப்தி வராமல் ஆஸ்பத்திரிக்கே தூக்கிக்கொண்டு போனார். பச்சைத் துணியில் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி, வேலை நேரம் முடிந்தபின் நீராவிப் பெட்டியில் வைத்து எடுத்தார். பழக்க தோஷம், ஒவ்வொன்றின் மேலும் தேதி போட்டு 'கல்' என்று எழுதியும் வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் தலைமை நர்ஸ், அங்கே விட்டுப்போன ஒரு பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "நாசினி அண்ணே, இது கல்ல எடுக்கற ஆஸ்பத்திரி. வைக்கற ஆஸ்பத்திரி இல்ல. எந்த நோயாளிக்கு இது?"

"மீனுக்கும்மா" என்றார் நாசினி. அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ரெண்டு நாள் லீவு போட்டு நல்லா தூங்குங்கண்ணே" என்று பரிவோடு சொல்லிவிட்டுப் போனாள்.

எப்படியோ தொட்டி ஓட ஆரம்பித்தது. ஹாலில் ஜன்னலுக்கு எதிரே மேஜை போட்டு வைத்தார்கள். தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று விரலை விட்டுப் பார்த்தால்தான் தெரியும், அவ்வளவு தெளிவு. நாசினி ஒரு நோட்டுப் போட்டு, தினமும் காலை ஆறரைக்கு அம்மோனியா எவ்வளவு, நைட்ரைட் எவ்வளவு, தண்ணீரின் சூடு எவ்வளவு, தீனி எத்தனை சிட்டிகை என்று எழுதி வந்தார். முதல் வாரம் அம்மோனியா ஏறியது. சரிதான், ஏற வேண்டியதுதான். இரண்டாவது வாரம் இறங்கவில்லை. மூன்றாவது வாரமும் இறங்கவில்லை. சோதனைக் குழாயில் தினமும் பச்சை. நைட்ரைட்டோ பிறக்கவே இல்லை. அம்மோனியாவைத் தின்ன ஆள் வந்தால்தானே அது பிறக்கும்?

"பாக்டீரியா வரலியே" என்று காலையில் காபிக்கு முன்னாலேயே புலம்ப ஆரம்பித்துவிடுவார்.

"உங்க புகார பதிவு பண்ணிக்கிட்டோம் சார்" என்பாள் மனைவி, அந்த அலுவலகக் குரலில். "நாப்பத்தெட்டு மணி நேரத்துக்குள்ள ஆள் அனுப்பறோம்."

சிரித்தாலும் நாலாவது வாரம் அவளுடைய சிரிப்பு குறைந்துவிட்டது. மகள் தொலைபேசியில் அம்மாவிடம் பள்ளிக்கூடம், தோழி, பரீட்சை எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில், "இன்னிக்கு என்ன கலர்?" என்று கேட்பாள். "பச்சைதான்டா கண்ணு." "பரவாயில்லம்மா. அவர்கிட்ட கஷ்டப்பட வேண்டாம்னு சொல்லிடு. எனக்கு இங்க ஒண்ணும் பிரச்சனை இல்ல." நாசினி இதைப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

இருபத்தெட்டாவது நாள் நோட்டைத் தூக்கிக்கொண்டு வண்ணமீன் கடைக்கு ஓடினார். அக்கா பக்கம் பக்கமாகப் புரட்டினாள். தண்ணீர் சரி. சூடு சரி. தீனி சரி. காற்று இருபத்துநாலு மணி நேரமும் ஓடியிருக்கிறது.

"என் அனுபவத்துல இப்டி ஒரு நோட்ட பாத்ததே இல்ல சார். டாக்டரா நீங்க?"

"இல்லம்மா. ஆபரேஷன் சாமான்கள சுத்தம் பண்ற வேல."

"எல்லாம் சரியாத்தானே இருக்கு? ஏன் வரல?" என்று தலையைச் சொறிந்தவள், நோட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். நாசினி சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி ஸ்பிரிட் பாட்டிலை எடுத்து, ஒரு துண்டுப் பஞ்சில் நனைத்து, அவளுடைய கல்லா மேஜையில் தாம் கை வைக்கப்போகிற இடத்தை மட்டும் சதுரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அதைத் தாம் செய்வதே அவருக்குத் தெரியாது.

அக்காவின் கண் சுருங்கியது. "சார், அந்த ஸ்பாஞ்ச் இருக்கே, அத என்ன பண்றீங்க?"

"என்ன பண்றது? சாயங்காலம் வந்ததும் எடுத்து வெந்நீர்ல அலசி, பிழிஞ்சு திரும்ப வைக்கறேன். ஒரு மாதிரி வழுவழுன்னு ஆயிடுதும்மா."

"தினமுமா?"

"பின்ன?"

"இந்த நோட்டுல அது எங்கயுமே இல்லியே!"

நாசினிக்குக் கேள்வியே புரியவில்லை. மூச்சு விட்டதை யாராவது நோட்டில் எழுதி வைப்பார்களா?

அக்கா இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். கடையிலிருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். "அட கடவுளே! அந்த வழுவழுப்புதான் சார் நீங்க தேடற பாக்டீரியா! காலைல ஃபுல்லா காணோம் காணோம்னு நோட்டுல எழுதிட்டு, சாயங்காலம் வந்து வெந்நீர ஊத்திக் கொல்றீங்களே! பால தினமும் காய்ச்சிக் காய்ச்சி வச்சா தயிராகுமா? உறை ஊத்தணும். ஊத்திட்டு கைய கட்டிக்கிட்டு சும்மா இருக்கணும்."

பேயறைந்தது போல நின்றார் நாசினி. இருபத்தெட்டு நாள். இருபத்தெட்டு கொலைவெறித் தாக்குதல். வெளியாள் யாராவது செய்திருந்தால் சண்டைக்காவது போகலாம். "இன்னும் பதினாலு நாள்தாம்மா இருக்கு" என்றார். குரல் உடைந்துவிட்டது. "வீட்ல ஒரு கொழந்த வரணும்மா. இது சரியாகலேன்னா அவ வரமாட்டா." மீன் கடையில் நின்று அழுத முதல் ஆஸ்பத்திரி ஊழியர் அவராகத்தான் இருக்கும்.

அக்கா அதற்கு மேல் திட்டவில்லை. கடையின் பின்பக்கம் போய், இருட்டு மூலையிலிருந்த பழைய தொட்டிக்குள் கையை விட்டு ஒரு ஸ்பாஞ்சை எடுத்து வந்தாள். அது கறுப்பா, பழுப்பா, பச்சையா என்று சொல்ல முடியாத ஒரு நிறம். சேறு ஒழுகியது. "ஆறு வருஷத்து அழுக்கு சார். யாருக்கும் குடுத்ததில்ல. அதே தண்ணிலயே பையில போட்டுத் தரேன். நேரா வீடு. நேரா தொட்டி. குழாய்த் தண்ணி, வெந்நீர், சோப்பு, அந்தப் பாட்டில் ஒண்ணும் கிட்ட வரக்கூடாது. தொட்டி நாறினா நாறட்டும். கண்ணாடி மங்கினா மங்கட்டும். நீங்க தொடவே கூடாது."

பேருந்தில் நாசினி அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு போனார். வழியில் பையின் ஓரம் கசிந்து அவருடைய வெள்ளை பேண்ட்டில் பழுப்பாகக் கோடு இறங்கியது. பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க அது?" என்றார். "தயிருக்கு உறை" என்றார் நாசினி. அந்த மனிதர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அழுக்கு ஸ்பாஞ்ச் உள்ளே போனதும் தெளிந்த தண்ணீர் தேநீர் நிறமாகிவிட்டது. இரண்டு நாளில் அடங்கினாலும், கண்ணாடியில் பழுப்புப் படலம் படிய ஆரம்பித்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கை தன்னிச்சையாகத் தொட்டியை நோக்கிப் போகும். அந்த நேரத்துக்கு மனைவி வேலை கண்டுபிடித்து வைத்தாள். ஒருநாள் சமையலறை ஓடுகள். ஒருநாள் ஜன்னல் கம்பிகள். ஒருநாள் வீட்டிலுள்ள செருப்பெல்லாம். ஒருநாள் கழுவ ஒன்றுமில்லாமல் போய், பக்கத்து வீட்டு சைக்கிளைக் கேட்டு வாங்கிக் கழுவினார். பக்கத்து வீட்டுக்காரர் இன்றுவரை காரணம் புரியாமல் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஐந்தாவது நாள் காலையில் சோதனைக் குழாயில் பச்சை வெளிறியிருந்தது. ஏழாவது நாள் மஞ்சள்! அம்மோனியா பூஜ்யம். நைட்ரைட் ஊதாவாக எகிறியது. எகிறட்டும், அதைத் தின்கிற ஆளும் அந்தச் சேற்றிலேயே இருக்கிறான். பதினோராம் நாள் நீலம். பன்னிரண்டாம் நாள் மஞ்சளும் நீலமும். பதின்மூன்றாம் நாளும் அப்படியே. மனைவி தொலைபேசியில் சொல்லும்போது குரல் நடுங்கியது. அலுவலகக் குரல் எங்கே போனதென்றே தெரியவில்லை. "நாளைக்கு பத்து மணிக்கு நானே வந்து டெஸ்ட் பண்றேன்" என்றாள் மகள். "அதுக்கப்புறம் சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை. மனைவி அந்தச் சின்ன அறையில் இருந்தாள். நாசினி குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்தார். ஜன்னல் வெயில் நேராகத் தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது. ஐயோ, என்ன கோலம் அது! கண்ணாடி முழுக்கப் பழுப்பு. கல்லின் மேல் தூசி தூசியாக ஏதோ. நடுவில் பூதம் போல அந்த ஸ்பாஞ்ச். குழந்தை முதல்முதலாக வீட்டுக்கு வருகிறாள், இதையா காட்டுவது? என்ன நினைப்பாள்? இந்த ஆளுக்கு என்மேல் அக்கறையில்லை என்று நினைக்கமாட்டாளா? ஸ்பாஞ்சை மட்டும் லேசாக, வெளிப்பக்கம் மட்டும், பச்சைத் தண்ணீரில், ஒரே ஒரு தடவை...

எப்போது எடுத்தார், எப்போது சமையலறைக்குப் போனார் என்பதெல்லாம் அவருக்கே தெரியாது. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். குழாய் திறந்திருந்தது. தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி ஸ்பாஞ்ச் கையில் இருந்தது. கை முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. கழுவியிருப்பாரா மாட்டாரா என்று இன்றைக்குக் கேட்டாலும் அவரால் சத்தியம் செய்ய முடியாது.

"அய்யோ! கழுவாதீங்க!"

பொண்ணு அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டிருந்தாள். கையிலிருந்த ஜாடியைப் பெரியம்மாவிடம் திணித்துவிட்டு ஒரே ஓட்டமாக வந்து குழாயை மூடினாள். அவர் கையிலிருந்து ஸ்பாஞ்சைப் பிடுங்கினாள். புது கவுன் முழுக்கச் சேறு.

"புத்தி இருக்கா உங்களுக்கு? எல்லாம் செத்துப் போயிருக்குமே! யார் எடுக்கச் சொன்னா? அழுக்கா இருந்தா என்ன, இருக்கட்டுமே! உங்க கண்ணுக்கு மட்டும் அழகா இருந்தா போதுமா?"

"இல்லம்மா... நீ வரியேன்னு..."

"பேசாதீங்க! நகருங்க!"

நாசினி நகர்ந்தார். அவள் ஸ்பாஞ்சை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போய்த் தொட்டியில் வைத்தாள். காற்றுக் குழாயைச் சரி பண்ணினாள். சோதனைப் பெட்டியைத் திறந்து, இரண்டு குழாயில் தண்ணீர் எடுத்து, உதடு அசைய எண்ணிச் சொட்டு விட்டாள். ஐந்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். பெரியம்மா ஜாடியோடு நின்றாள். உள்ளே இன்ஸ்பெக்டர் செவுளை விரித்து எல்லோரையும் முறைத்தான். மனைவி அறை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாவற்றையும் கெடுத்துவிட்டோம், இத்தனை நாள் பட்ட பாடு இந்த இரண்டு நிமிஷத்தில் போயிற்று என்று நாசினி மருகினார்.

ஒன்றில் மஞ்சள். ஒன்றில் நீலம்.

"என்னடி, பாஸா?" என்றாள் பெரியம்மா.

"தண்ணி பாஸ். ஆளு ஃபெயில்." இரண்டு குழாயையும் வெளிச்சத்தில் பிடித்து இன்னொரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு பெருமூச்சு விட்டாள், ஐம்பது வயதுக்காரி போல. "நீங்க கெளம்புங்க பெரியம்மா. கார்ல இருக்கற என் பெட்டிய மட்டும் எடுத்துக் குடுத்துடுங்க. இவர நம்பி விட்டுட்டுப் போனா நாளைக்கே இன்ஸ்பெக்டர கொன்னுடுவாரு. நான் இங்கயே இருந்து பாத்துக்கணும்."

மனைவி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். பெரியம்மா ஜாடியை மேஜைமேல் வைத்துவிட்டுப் பெட்டி எடுக்கப் போனாள். நாசினி நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. ஈரக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, பிடிபட்ட பையன் மாதிரி நின்றார்.

பொண்ணு முக்காலியைத் தரதரவென்று இழுத்து அவருக்கு முன்னால் போட்டு ஏறி நின்றாள்.

"சோப்பு போட்டீங்களா?"

"இல்லம்மா."

"பொய் சொல்றீங்க. கைய நீட்டுங்க."

நீட்டினார். அவள் அந்தக் கையை மணிக்கட்டில் இறுக்கிப் பிடித்து, முகத்துக்குப் பக்கத்தில் இழுத்து, ஒவ்வொரு விரலாக மோந்து பார்த்தாள்.